நாக்காலே வோல்ட்டு பார்த்த வேலாயுதம்

வேலாயுதம் இருக்கிறவரைக்கும் கோவில்பட்டியில பொய்க்குப் பஞ்சம் வராது. அன்னைக்குன்னு பாத்து மனுசன் வாயோட கார் பானெட்டையும் சேத்துத் திறந்துட்டார்.

சீர்த்தட்டோட வாசல்ல நின்ன அவர் பெண்டாட்டி செண்பகவல்லி மணியப் பாத்துக்கிட்டே இருந்தா. கடம்பூர்ல நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நேரத்துக்குப் போகலைன்னா பிள்ளைய ஒண்ணுவிட்ட மாமன் மடியில உக்கார வச்சிருவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பேச்சு ஓயாது. காரு ஓடிக்கிட்டுதான் இருந்தது. ஆனா பேட்டரி லைட்டு செவப்பா எரியுது, அணையவே மாட்டேங்குது.

எதிர்வீட்டுத் தங்கப்பழம் மீட்டரோட வந்தான். "அண்ணாச்சி, பேட்டரியில வச்சுப் பாப்போம். பதினாலு வோல்ட்டு காட்டுச்சுன்னா ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்துது. பன்னெண்டுக்கும் கீழ போச்சுன்னா வண்டி பாதியில நின்னுரும்."

"மீட்டரெல்லாம் உன்னைய மாதிரி ஆளுகளுக்குடே. நான் நாக்க வச்சே வோல்ட்டு சொல்லிருவேன்."

"அப்ப வைங்க."

"இப்பத்தான் காப்பி குடிச்சேன். கூடக் காட்டும்."

செண்பகவல்லி, "நேரமாகுதுங்க"ன்னு சொன்னா.

"இருடி. இந்த ஆல்டர்னேட்டர் என்ன லேசுப்பட்டதா? போன ஆடியில கயத்தாறு மண்டபத்துல கரண்ட் போச்சு. ரெண்டே வயர்தான் இழுத்துவிட்டேன். மண்டபம் பூரா லைட்டு, பந்திக்கு மாவாட்ட கிரைண்டர். அந்த வெளிச்சத்துல பக்கத்து ஊர்ப் பொம்பளைங்க விடிஞ்சிருச்சுன்னு எந்திரிச்சு வாசல் தெளிச்சுட்டாங்க."

"போதும் அண்ணாச்சி."

"அதுக்கே போதும்ங்கியே. மிஞ்சின கரண்ட்டு லைன்ல ஏறி, காத்தே இல்லாம, கரண்ட் எடுக்கிற காத்தாடி அம்புட்டும் சுத்த ஆரம்பிச்சிருச்சு. அந்தக் காத்துல திரண்டு வந்த மேகமெல்லாம் கலைஞ்சு ஓடிருச்சு. இந்தப் பக்கம் மழையில்லாமப் போனதுக்கு நான்தாம்டே காரணம். வெளிய சொல்லிராத."

சொல்லிக்கிட்டே பேட்டரி வயர்ல கைய வச்சார். "இதக் கழட்டினாலும் வண்டி ஓடும். அதாண்டே டெஸ்ட்டு."

"கழட்டாதீங்க அண்ணாச்சி, உள்ள இருக்க கம்ப்யூட்டர் போர்டு கருகிப் போயிரும்."

கழட்டிட்டார். வண்டி ரெண்டு இருமு இருமி அடங்குச்சு. திரும்ப மாட்டிச் சாவியத் திருகினா ஒரு சத்தமும் இல்ல. கருகின வாடை மட்டும் வந்தது.

செண்பகவல்லிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்தது. தட்ட இடுப்புல வச்சுக்கிட்டு பஸ்ஸ்டாண்டப் பாத்து விறுவிறுன்னு நடந்தா.

வேலாயுதம் பின்னாலயே ஓடினார். "தங்கச்சி கேட்டா என்னடி சொல்ல?"

"எதையாவது அளந்து விடுங்க. நெசத்த மட்டும் சொல்லிராதீங்க. நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டிய நீங்களே கழட்டி நிறுத்துனீங்கன்னா, அத ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."