கரும்பாறை அரக்கனும் கடைசி ஆளும்

ஈச்சம்பள்ளத்தில் நான்கு பேர் சேர்ந்து ஓர் அரக்கனைக் கொல்வதென்று முடிவு செய்திருந்தார்கள். அரக்கன் கைப்பேசி விளையாட்டுக்குள் இருந்தான். அது நான்கு பேருக்கும் தெரியும். அந்த அளவுக்கு விவரமானவர்கள்தான்.

தலைவர் பொன்னுரங்கம், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கடையில் வைஃபை இருந்ததால் அவர் தலைவரானார். வாள்வீரர் தாவூது பாய், பேக்கரிக்காரர். வில்லாளி வசந்தகோகிலம், மாடியில் பியூட்டி பார்லர் நடத்துபவர். நான்காவது ஆள் அருளப்பன், பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுப்பவர். விளையாட்டில் அவர் வைத்தியர். மற்றவர்கள் அடிபட்டு விழும்போது ஓடிப்போய் மருந்து கொடுத்து எழுப்பிவிடுவார். எழுந்தவர்கள் மறுபடியும் போய் அடி வாங்குவார்கள். இப்படி யாருக்கும் வேலை இல்லாமல் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் கரும்பாறை அரக்கனைக் கொல்லும் குழுவின் பெயர் கோட்டை வாசலில் பொறிக்கப்படும் என்று விளையாட்டு அறிவித்திருந்தது. ஈச்சம்பள்ளத்தின் பெயர் இதுவரை எங்கும் பொறிக்கப்பட்டதில்லை. ஊருக்குள் நுழையும் இடத்தில் இருந்த பலகைகூடப் பக்கத்து ஊருக்குத்தான் வழி காட்டியது.

சண்டையின் நடுவே விளையாட்டு அவ்வப்போது யோசனை சொல்லும். சொன்னால் கேட்டுக்கொள்ளும் பழக்கம் இவர்களுக்கு உண்டு. "பின்வாங்குங்கள்" என்றது ஒருமுறை. நான்கு பேரும் நாற்காலியோடு பின்வாங்கினார்கள். பொன்னுரங்கம் சுவரில் முட்டிக்கொண்டார். தாவூது பாய்க்குப் பின்னால் வாசல் இருந்ததால் அவர் தெருவுக்கே போய்விட்டார்.

"எதிரியின் கண்களைப் பார்க்காதீர்கள்" என்றபோது அந்தச் சண்டை முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார்கள். "மறைந்திருந்து தாக்குங்கள்" என்றபோது வசந்தகோகிலம் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தார். புருவம் திருத்த வந்த பெண் எங்கும் தேடிவிட்டுத் திரும்பிப் போனாள். அரக்கன் மட்டும் எப்படியோ கண்டுபிடித்து அடித்துவிட்டான். அவனுடைய திறமையைக் குழு அன்றைக்குத்தான் உணர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் திரையில் ஒரு கேள்வி வந்தது. சண்டையில் யார் எவ்வளவு பலமாக அடித்தார்கள் என்ற கணக்கு இதுவரை மறைத்து வைக்கப்பட்டிருந்தது. இனி அதைக் குழுவினருக்குக் காட்டலாமா? 'காட்டு' என்று ஒரு பொத்தான், 'மறை' என்று ஒரு பொத்தான்.

அருளப்பனுக்கு 'மறை' பொத்தான்தான் பிடித்திருந்தது. அவர் யாரையும் அடித்ததே இல்லை. கணக்கு வெளியே வந்தால் தன்னைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அப்புறம் தனியாகத்தான் ஆட வேண்டும். தனியாக இருக்கும் வைத்தியர் யாருக்கு மருந்து கொடுப்பார்?

"வேண்டாங்கண்ணா" என்றார். "நம்மள்ல யாரு பலவீனம்னு நமக்குத் தெரிஞ்சா அரக்கனுக்கும் தெரிஞ்சுபோகும். அங்கயே பார்த்து அடிப்பான்."

இது நியாயமாகப் பட்டது. எல்லோரும் அரக்கனைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

"அதெப்படிங்க தெரியும்?" என்றார் தாவூது பாய். "நம்பரு கண்ணாடி மேல வருது. அவன் கண்ணாடிக்கு உள்ள இருக்கான். தலைய வெளிய நீட்டினாத்தான படிக்க முடியும்?"

"நீட்டினா நான் வெட்டிருவேன்" என்றார் பொன்னுரங்கம்.

வசந்தகோகிலம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எம் பார்லர்ல எடை பாக்கற மிஷின் இருக்குதுங்கண்ணா. நம்பரப் பாத்துட்டு வர்றவங்கெல்லாம் அழுதுட்டுப் போனாங்க. நம்பரு மேல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி மறைச்சுட்டேன். இப்ப எல்லாரும் சிரிச்சுட்டே ஏறி, சிரிச்சுட்டே இறங்கறாங்க. ரெண்டு பேரு இளைச்சுட்டோம்னுகூடச் சொன்னாங்க."

"அப்படின்னா மறைக்கறதுதான் நல்லதா?" என்றார் பொன்னுரங்கம்.

"மறைச்சா நல்லதுங்கறேன். ஆனா மறைச்சது என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு எனக்கு இருக்குது."

பொன்னுரங்கம் தலைவருக்குரிய முடிவை எடுத்தார். விளையாட்டு காட்டட்டும், ஆனால் நாம் பார்க்க வேண்டாம். 'காட்டு' பொத்தானை அழுத்திவிட்டு, காயிலுக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை எல்லோருடைய திரையிலும் எண் வரும் மூலையில் ஒட்டினார். அருளப்பன் தன் பங்குக்கு இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டார்.

அடிக்கும் பொத்தானும் அந்த மூலையில்தான் இருந்தது. அந்தச் சண்டையில் நான்கு பேரும் அரக்கனைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அரக்கன் வேண்டிய மட்டும் அடித்தான்.

டேப்பை உரித்தார்கள். இதுவரை நடந்த எல்லாச் சண்டைகளின் பட்டியலும் தெரிந்தது. முதலில் தாவூது பாய், அடுத்து பொன்னுரங்கம், அடுத்து வசந்தகோகிலம். கடைசியில் அருளப்பன், பெயருக்கு எதிரே ஒரு சைபர். அதன் கீழே விளையாட்டு ஒரு யோசனையும் சொல்லியிருந்தது: 'பட்டியலில் கடைசியாக இருப்பவரை வெளியேற்றினால் குழு வலுப்பெறும்.'

மூன்று பேரும் அருளப்பன் பக்கம் திரும்பினார்கள்.

"நான் மருந்து போடற ஆளுங்கண்ணா" என்றார் அருளப்பன். "அடிக்கறது எம் வேலையில்லீங்களே."

"வைத்தியருன்னா ஊசி குத்தறதில்லியா?" என்றார் தாவூது பாய். "குத்தறதும் ஒரு மாதிரி அடிதானப்பா."

"பாவம், ஒரு வாய்ப்புக் குடுங்கண்ணா" என்றார் வசந்தகோகிலம். "இந்தச் சண்டையில அடிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

அருளப்பன் வைத்தியரின் தடியைக் கையில் எடுத்தார். அரக்கன் தூரத்தில் இருந்தான், பார்க்கப் பயமாகவும் இருந்தான். பொன்னுரங்கம் பக்கத்தில் இருந்தார். அருளப்பன் பொன்னுரங்கத்தின் முதுகில் ஒரு போடு போட்டார். அருளப்பன் பெயருக்கு எதிரே இருந்த சைபர் போய் ஓர் எண் வந்தது.

"அருளப்பா, என்னை ஏன்டா அடிக்கறே?"

"நம்பரு ஏறுதுங்கண்ணா!"

எல்லோரும் பார்த்தார்கள். ஏறத்தான் செய்தது. விளையாட்டு அடியைத்தான் எண்ணியது. அடி யார்மேல் விழுந்தது என்பதை அது கவனிக்கவில்லை.

அதன் பிறகு குழு முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் போரிட்டது. தாவூது பாய் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டார். பாறை திருப்பி அடிக்காதது அவருக்கு வசதியாக இருந்தது. பொன்னுரங்கம் கோட்டைக் கதவை வெட்டினார். வசந்தகோகிலம் ஒரு மரத்துக்கு முன்னால் நின்றார். ஆனால் அம்பு தீர்ந்துவிடுமே என்று யோசித்து யோசித்து எய்தார். அருளப்பனுக்குத்தான் நல்ல ஏற்பாடு அமைந்தது. தலைவரை அடிப்பார், தலைவர் விழுவார், மருந்து கொடுத்து எழுப்புவார், எழுந்த தலைவர் கதவை இரண்டு வெட்டு வெட்டுவதற்குள் மறுபடியும் அடிப்பார். இடையில் அரக்கன் ஒருமுறை எழுந்து வந்து, எல்லோரும் வேலையாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

சண்டை முடிந்தது. பட்டியலில் அருளப்பன் முதலில் இருந்தார். கடைசியில் வசந்தகோகிலம்.

"அக்கா..." என்று இழுத்தார் பொன்னுரங்கம்.

"நீங்க சொல்ல வேண்டாம். எனக்கே புரியுதுங்க" என்று வசந்தகோகிலம் வெளியேறும் பொத்தானை அழுத்தினார். "குழு வலுவாகணும். அதுதான் முக்கியம்."

குழு வலுவானது. ஆனால் அடுத்த சண்டை முடிந்து பார்த்தால் மறுபடியும் ஒருவர் கடைசியில் இருந்தார். தாவூது பாயின் பாறை உடைந்துபோய், வேறு பாறை தேடுவதிலேயே அவருக்கு நேரம் போயிருந்தது.

"இப்பத்தான கடைசி ஆள வெளிய அனுப்பிச்சோம்" என்றார் பாய் ஆச்சரியத்தோடு. "அதுக்குள்ள எப்படிங்க இன்னொருத்தரு வந்தாரு?"

"ஒளிஞ்சிருந்திருப்பாரு" என்றார் பொன்னுரங்கம். "கணக்கக் காட்டினதாலதான கண்டுபிடிச்சோம்."

பாய் அதை ஒப்புக்கொண்டு வெளியேறினார். அடுத்து பொன்னுரங்கம் கடைசியில் வந்தார். பெரும்பாலான நேரம் அவர் விழுந்து கிடந்தார், அதுதான் காரணம். தலைவர் என்பதற்காகச் சலுகை வேண்டாம் என்று அவர் தன்னைத்தானே வெளியேற்றிக்கொண்டார். வசந்தகோகிலம் கைதட்டினார்.

இப்போது குழுவில் அருளப்பன் மட்டும் இருந்தார். மூன்று பேரும் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். பட்டியலில் ஒரே ஒரு பெயர்.

"முதல்ல யாருடா இருக்கறது?" என்றார் பொன்னுரங்கம்.

"நான்தானுங்கண்ணா."

"கடைசியில?"

அருளப்பன் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துப் பார்த்தார். "அதுவும் நான்தானுங்க."

தாவூது பாய் வருத்தத்தோடு தலையாட்டினார். முதல் ஆளை வைத்துக்கொண்டு கடைசி ஆளை மட்டும் வெளியே அனுப்ப வழி உண்டா என்று கொஞ்ச நேரம் விவாதித்தார்கள். வழி தென்படவில்லை. உள்ளே அரக்கன் எழுந்து நின்றான். வெளியே மூன்று பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளை நெருக்கிப் போட்டு உட்கார்ந்து, தாவூது பாய் கொண்டுவந்த தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அருளப்பன் அவர்களைப் பார்த்தார். திரையில் தனியாக நின்ற தன் வைத்தியரைப் பார்த்தார். வெளியேறும் பொத்தானை அழுத்திவிட்டு வந்து நான்காவது நாற்காலியில் உட்கார்ந்தார். பொன்னுரங்கம் அவருக்கும் பாதி பன் கொடுத்தார்.

வெளியேறியவர்கள் சண்டையை வேடிக்கை பார்க்கலாம் என்று விளையாட்டில் ஒரு வசதி இருந்தது. கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். ஈச்சம்பள்ளக் குழுவுக்கும் கரும்பாறை அரக்கனுக்கும் கடைசிச் சண்டை தொடங்கியது. அரக்கன் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினான். காற்றில் வீசினான். தூணை இடித்தான். யார்மேலும் ஓர் அடிகூட விழவில்லை. பொழுது சாய்ந்து, ஆட்டம் முடிந்தது என்று திரை சொல்லும்வரை அவனால் ஈச்சம்பள்ளக் குழுவில் ஒருவரைக்கூட வீழ்த்த முடியவில்லை.

நான்கு பேருக்கும் மெய் சிலிர்த்தது.

"பாத்தீங்களாண்ணா" என்றார் வசந்தகோகிலம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாம உள்ள இருந்தப்ப ஒரு நாளாவது இப்படி ஆடியிருக்கமா?"