தொட்டியிலிருந்து எடுத்த கல்

ஒரு துறைமுகப் பட்டணத்தில் கஸ்பார் என்று ஒரு பெரிய மனிதர் இருந்தார். அவர் வீட்டு முன்கூடத்தில், சுவரின் முழு நீளத்துக்கும் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் கடல்தண்ணீர். கடலில் இரை தேடித் தின்கிற வேட்டைக்காரர்கள் நான்கு பேரை அதற்குள் ஒன்றாகக் குடிவைத்திருந்தார்.

வாய் அகன்ற கலவா மீன் ஒன்று. சிப்பியையும் உடைக்கிற பல்லோடு கிளாத்தி மீன் ஒன்று. நீண்ட மீசையும் முள் ஓடுமாகச் சிங்கி இறால் ஒன்று. பாம்பைப் போல நெளிந்து, பொந்துக்குள் உடம்பை வைத்துத் தலையை மட்டும் நீட்டியிருக்கும் அஞ்சாளை மீன் ஒன்று.

"பல்லும் முள்ளும் ஒரே வீட்டுல எப்படி ஒத்துமையா இருக்கு பாருங்க. எல்லாம் நான் போடுத தீனி" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார் கஸ்பார்.

அஞ்சாளைக்கு அதைக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும். தீனியாவது, ஒற்றுமையாவது! தொட்டியின் நடுவில் ஒரு பெரிய பாறைக்கல் கிடந்தது. அங்கே சண்டை இல்லை என்றால் அதற்குக் காரணம் அந்தக் கல்தான். கல்லுக்கு இரண்டு வாசல். முன்வாசலில் அஞ்சாளை, பின்வாசலில் சிங்கி. கடலிலும் அவர்கள் இனத்துக்கு அதுதான் வழக்கம். சிங்கியைத் தின்ன எட்டுக்கைப் பேய்க்கணவாய் தேடி வரும். வந்த பேய்க்கணவாயை அஞ்சாளை தின்னும். அதை அன்பு என்று யாரும் சொல்லிக்கொண்டதில்லை. மறைய இடம் இருந்தது, மாறாத வழக்கம் இருந்தது, அதனால் பிழைத்தார்கள்.

ஒருநாள் காலையில் சிங்கி கல்லுக்குள்ளிருந்து மெல்லக் கூப்பிட்டது.

"அண்ணே, எனக்கு ஓடு கழற்றுற நேரம் வந்துட்டு."

"எத்தனை நாளாகும்?"

"கழற்ற ஒரு நாழிதான். புது ஓடு இறுக நாலஞ்சு நாள் வேணும். அதுவரைக்கும் நான் வெறும் சதை."

"உள்ளேயே கிட. வாசல்ல நான் இருக்கேன்."

கிளாத்தி அந்தப் பக்கமாக வந்து மோப்பம் பிடித்தது. "என்னப்பா ரகசியம்? வாசனை தூக்குதே!"

"உன் பல்லை வேற எங்கேயாவது போய்க் காட்டு" என்றது அஞ்சாளை.

கலவா அசையாமல் கிடந்தபடியே சொன்னது: "நான் யாரையும் தேடிப் போறவன் இல்ல. வாய்க்கு நேரா வந்தா விடுறவனும் இல்ல."

அன்றைக்குக் கஸ்பார் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மதியம் சாப்பிட வருகிறார்கள். கஸ்பார் தொட்டி முன்னால் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தார். மீன்களுக்குத் தீனி போடுகிற இன்னாசியைக் கூப்பிட்டார். இன்னாசி ஒரு காலத்தில் சங்கு குளித்தவன்; கடலடியில் யார் எங்கே குடியிருப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

"அந்தக் கல்லை வெளிய எடுத்துரு வே. வாறவங்க என்னத்தைப் பார்ப்பாங்க? ஒரு தலையையும் நாலு மீசையையுமா?"

"அண்ணாச்சி, சிங்கி ஓடு கழத்தப் போவுது. ரெண்டு நாளா தீனி தொடல. கல்லை எடுத்தா மத்தது அதை விடாது."

"அதுக்குத்தான ரெட்டைத் தீனி போடச் சொல்லுதேன். வயிறு நிறைஞ்சவன் எதுக்கு வே சண்டைக்குப் போறான்?"

"வயித்துக்காகன்னு இல்ல அண்ணாச்சி, வாசனை வந்துட்டுன்னா..."

"நான் தொட்டி வச்சிருக்கது மீனைப் பார்க்கவா, கல்லைப் பார்க்கவா?"

இன்னாசி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கல்லை எடுத்தான்.

வெட்டவெளியில் விழுந்த சிங்கி ஒரு மூலைக்கு ஓடியது. கண்ணாடிக்கு மூலை உண்டு, மறைவு இல்லை. விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்துத் தொட்டி முன்னால் கூடிய நேரம், சிங்கியின் முதுகில் ஓடு பிளந்தது. அத்தனை கண்களுக்கும் முன்னால், உடம்பை உருவி உருவி அது வெளியே வந்தது. தண்ணீர் முழுக்க வாசனை பரவியது. இரட்டைத் தீனி தின்ற கிளாத்தி ஒரே பாய்ச்சலில் வந்து ஒரு மீசையைக் கடித்துக்கொண்டு போனது.

அஞ்சாளை அதைவிட வேகமாக வந்தது. சிங்கியைச் சுற்றி வளையம் வளையமாகத் தன் உடம்பைப் போட்டது.

சிங்கி நடுங்கியது. "அண்ணே, நீயும் வேட்டைக்காரன்தானே?"

"ஆமா. எனக்கும் நாக்கு ஊறுது. பேசாம இரு. அவன் கல்லை எடுத்துட்டான். நான் இப்ப கல்லு."

கிளாத்தி அஞ்சாளையின் முதுகைக் கொத்தியது. "பங்கு போட்டுக்குவோம் வா! எதுக்கு இந்த வேஷம்?"

அஞ்சாளை நகரவில்லை.

"ஐயையோ! பாம்பு அந்த இறாலை நெரிக்குது பாருங்க!" என்று மாப்பிள்ளையின் அம்மா கத்தினாள். கஸ்பாரின் முகம் சுருங்கிவிட்டது. அவருடைய ஒற்றுமை சம்பந்தி முன்னால் சந்தி சிரிக்கிறதே!

"எல, அந்தக் கம்பியை எடு! வலையை எடு!"

இன்னாசி பார்த்தான். நெரிக்கிற அஞ்சாளை எப்படி முறுக்கும், காக்கிற அஞ்சாளை எப்படி வளையும் என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தான். சபையில் பெரிய மனிதர்கள் இருபது பேர் நின்றார்கள். வாயை மூடிக்கொண்டு கம்பியை எடுத்துக் கொடுத்தான்.

கஸ்பாரே குத்தினார். முதல் குத்துக்கு அஞ்சாளை அசையவில்லை. இரண்டாவதுக்கும் அசையவில்லை. மூன்றாவது குத்தில் தோல் கிழிந்து தண்ணீர் சிவந்தது. வலையை மாட்டி இழுத்தார்கள். ஒவ்வொரு வளையமாகக் கழன்றது.

"அண்ணே!" என்றது சிங்கி.

அஞ்சாளை வாளியில் விழுந்தது. எல்லோரும் வாளியைச் சுற்றிக் கூடி, "அடேயப்பா, எவ்வளவு பெரிய பல்லு!" என்றார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால், தொட்டியில், கிளாத்தி முதலில் சிங்கியிடம் போனது. மிச்சம் வாய்க்கு நேராக வந்தது. கலவா வாயைத் திறந்து மூடியது.

அவர்கள் திரும்பிப் பார்த்தபோது சிங்கி இருந்த இடத்தில் காலி ஓடு மட்டும் கிடந்தது.

"படுபாவி, தின்னு முடிச்சுட்டுல்லா!" என்று வாளியைக் காட்டினார் கஸ்பார். "இப்ப பாருங்க, ஒரு கெட்டவனை வெளிய எடுத்ததும் எவ்வளவு அமைதியா இருக்குன்னு." சம்பந்திமார் தலையாட்டினார்கள். "இதைக் கொன்னு குப்பையில போட்டுரு" என்று இன்னாசியிடம் சொன்னார்.

இன்னாசி கொல்லவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் கடற்கரை வரைக்கும் நடந்தான். முழங்கால் தண்ணீரில் நின்று வாளியைச் சரித்தான்.

"நீ நெரிக்கலன்னு எனக்குத் தெரியும்லா" என்றான். "நீ காவல் நின்ன. அதான் உன்னைக் கொல்லாமக் கொண்டாந்தேன். போயிரு ராசா."

அஞ்சாளை தண்ணீரில் இறங்கியது. கிழிந்த முதுகோடு அங்கேயே நின்று அவனைப் பார்த்தது.

"உனக்குத் தெரியும். சிங்கி உயிரோட இருந்தப்பவும் தெரியும். அங்க சொல்லாததை, ஆளில்லாத கரையில வந்து என்கிட்ட எதுக்குச் சொல்லுத?"