முனகாத மரம்

நீலத்துறைப் பட்டினத்து ராஜா விக்கிரமச் சேந்தனுக்குச் சின்னதாக எதுவுமே பிடிக்காது. மீசை பெரிது. அரண்மனை பெரிது. புதிதாகக் கட்டிய சரக்குக் கப்பல் எல்லாவற்றையும்விடப் பெரிது. ஆயிரம் மூட்டை நெல்லை ஏற்றியதும் அது துறைமுக வாயிலில் மணல்திட்டில் தட்டி, எருமை மாதிரி உட்கார்ந்துகொண்டது.

அக்கரைத் தீவில் மழை இல்லாமல் ஜனங்கள் பட்டினி. ராஜாவின் மகள் வாழ்க்கைப்பட்டிருந்ததும் அங்கேதான்.

"நெல்லில் ஒரு மூட்டைகூடக் குறையக் கூடாது. கப்பல் கால்வாசி எடை குறைய வேண்டும். நான்கே நாள்!" என்றார் ராஜா.

"இதென்ன பிரமாதம்? எல்லா மரத்தையும் கால்வாசி இழைத்துவிட்டால் தீர்ந்தது" என்றார் மந்திரி மகுடேசர்.

கப்பலைக் கட்டிய தச்சன் மாசிலன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "முதல் அலைக்கே பிளந்துவிடும், சாமி! ஐம்பது பேர் போகிற கப்பல்."

"பிளந்தால் உன் தலையும் போகும்" என்றார் ராஜா.

சபையில் வாயாடி நொச்சியான் என்றொருவன் இருந்தான். அவனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"எது வேண்டும், எது வேண்டாம் என்று மரத்தையே கேட்டுவிடலாமே, அரசே!"

"மரம் பேசுமா?"

"பேசும். பேசாவிட்டால் இனி நானும் பேசமாட்டேன்."

மரம் பேசிவிடக் கூடாதே என்று சபையில் பாதிப் பேர் வேண்டிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் நொச்சியான் நேரே துறைமுகத்துக்குப் போனான். கடல் பொங்கி ஓதம் ஏறிக் கப்பல் ஆடத் தொடங்கிய நேரம் பார்த்து, மாசிலனோடு உள்ளே இறங்கினான். இருவரும் மரம் மரமாகக் காதை வைத்தார்கள். ஒவ்வொரு அலைக்கும் சில மரங்கள் 'கிரீச்' என்று முனகின.

"இதெல்லாம் பாரம் தாங்குகிற மரம்" என்றான் மாசிலன். அவற்றை விட்டுவிட்டார்கள். சத்தம் போடாத மரத்துக்கெல்லாம் சுண்ணாம்புப் பொட்டு. சித்திரத் தூண்கள் இருபது, மூன்றடுக்குக் கூரை, மந்திரி சாய்ந்துகொள்ள ஒரு மண்டபம் எல்லாமே ஊமை.

கடைசியில் முகப்பில் நின்ற ராஜாவின் தேக்குச் சிலை. யானைக் கனம். நொச்சியான் அதன் தொந்தியில் மூன்று முறை காதை வைத்தான். "ஒரே ஒரு முனகல், மகராசா!" என்று கெஞ்சினான். ஊஹூம். மூக்கில் பொட்டு வைத்தான்.

பொட்டு விழுந்ததையெல்லாம் கழற்றிக் கரையில் இறக்கினார்கள். நான்காம் நாள் கப்பல் மணல்திட்டைத் தாண்டிப் போயிற்று. பத்தாம் நாள், நெல் வந்து சேர்ந்ததென்று மகளிடமிருந்து ஓலை வந்தது. ராஜா அதைப் படித்து முடிப்பதற்குள் மகுடேசர் எழுந்தார்.

"அரசே, தங்கள் திருவுருவத்தைப் பெயர்த்துக் கரையில் போட்டுவிட்டான் இவன்!"

ராஜாவின் மீசை துடித்தது. "நொச்சியா, ஏன்?"

"அரசே, சுமக்கிற மரம் முனகுகிறது. சுமக்காத மரம் பளபளவென்று சும்மா நிற்கிறது. முனகாததைக் கழற்றினேன், அவ்வளவுதான். கப்பலுக்கு மட்டுமல்ல, சபைக்கும் இது பொருந்தும்."

ராஜா மந்திரிகளின் வரிசையை மெதுவாகப் பார்த்தார்.

"அம்மாடி, என் இடுப்பு!" என்றார் மகுடேசர்.

"ஐயோ, முதுகு!" என்றார் சேனாதிபதி. சபை முழுக்க முனகல் கிளம்பியது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். நொச்சியானுக்கும் மாசிலனுக்கும் ஆளுக்கொரு பொற்காப்பு கொடுத்தார். சிரித்து முடித்து நிமிர்ந்தால், நொச்சியான் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராஜா சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "உஸ்... அப்பப்பா!" என்று மெல்ல முனகினார்.