ராஜா உடைத்த ஒற்றைப் புளி

முன்னொரு காலத்தில், வீடுகளைவிடப் புளியமரங்கள் அதிகமாக இருந்த ஒரு மலையடிவாரத்து ஊரில், வேம்பாயி என்றொருத்தி இருந்தாள். அவளுடைய மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்ததால், அவளால் வெளியே வேலைக்குப் போக முடியாது. ஆகவே புளி வியாபாரி அவள் வாசலிலேயே மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். அவள் ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துக் கொடுப்பாள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: வேலை கொடுப்பவர் முதலில் தாமே உட்கார்ந்து ஒரு பழத்தை உடைத்து, 'இப்படி வேண்டும்' என்று மாதிரி காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்தவர் கை வைப்பார்.

வேம்பாயியின் சொத்து ஒரு நொண்டிக் கோழி, ஒரு செப்புக்குடம், ஒரு செவலைப் பசு, அவ்வளவுதான். அந்தப் பசுவின் பாலைத் தவிர வேறெதுவும் மாமியாருக்குத் தொண்டையில் இறங்காது.

ஒருநாள் சிவப்புத் தலைப்பாகை கட்டிய சிங்காரம் என்பவன், திரை போட்ட கூண்டு வண்டியில் வந்து இறங்கினான்.

"தாயி, நான் அரண்மனை ஆளு. ராணியம்மாவுக்கு முத்து கோக்கணும். வீட்டுல உக்காந்தபடியே கோத்துக் குடு. நாளுக்கு ஒரு பொன்னு."

"ஒரு பொன்னா? நாள் பூராப் புளி தட்டினா ஒரு படி கம்புதானே அண்ணே குடுக்கிறாங்க?"

"அதான் உன்னைத் தேடி வந்தேன். உன் பேரை ஓலையில ஏத்தணும். எழுதுறவருக்கு ஒரு கோழி மட்டும் குடு."

பொன் என்ற சொல் காதில் விழுந்ததும் வேம்பாயிக்கு மாதிரியும் மறந்தது, வழக்கமும் மறந்தது. கோழியைப் பிடித்துக் கொடுத்தாள். அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கொடுத்தார்கள்.

மறுநாளும் வந்தான். "பேரு ஏறிடுச்சு தாயி. பட்டுநூல் வாங்கணும், ஒரு குடம் குடு" என்றான். குடத்தையும் கொடுத்தாள்; மற்றப் பெண்களும் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாளும் அதே கூண்டு வண்டியில் வந்தான். "முத்து ஊரெல்லைக்கே வந்தாச்சு. காவல்காரன் விடமாட்டேங்கிறான். பசுவை அவிழ்த்துக் குடு, சாயங்காலம் முத்து உன் வீட்டுல இருக்கும். இல்லேன்னா குடுத்த கோழியும் போச்சு, குடமும் போச்சு."

வேம்பாயி கொட்டிலுக்குப் போனாள். போனாளா, கயிற்று முடிச்சில் கையை வைத்தாளா, அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மாமியார், "ஏண்டி, பாலு எங்கடி?" என்றாள்.

கை அப்படியே நின்றது. வாசலில் கிடந்த புளிச் சுத்தியல் கண்ணில் பட்டது. வேம்பாயி மெதுவாகத் திரும்பி வந்தாள்.

"பசுவைத் தாரேன் அண்ணே. முதல்ல மாதிரி காட்டுங்க."

"முத்தே வரலை, மாதிரிக்கு எங்க போறது?"

"அதுக்கென்ன, என் கழுத்துப் பாசிமணி இருக்கே."

மாலையை அறுத்து மணிகளை முறத்தில் போட்டாள். ஊசியும் நூலும் கொண்டுவந்து வைத்தாள். தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். சிங்காரம் ஒருமுறை நூலைக் கோத்தான், நூல் வளைந்தது. இரண்டாம் முறை கோத்தான், ஊசி விரலில் ஏறியது. மூன்றாம் முறை கோத்தான், ஊசியே கைதவறி விழுந்தது.

அடுத்த வீட்டுக் கருத்தக்கண்ணு தலையை நீட்டினாள். "ராணியம்மா பாவம்டி. இவரு கோத்து முடிக்கிறதுக்குள்ள அவங்களுக்குப் பேரன் பேத்தி பொறந்துடும்."

கோழிகளுக்குத் தீனி வைக்கும் வேளை வந்திருந்தது. வேம்பாயி வண்டியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஒரு கைப்பிடிக் கம்பை வாசலில் இறைத்து, "பா, பா, பா" என்று கூப்பிட்டாள். என்ன நடந்திருக்கும், சொல்லுங்கள் பார்க்கலாம்? வண்டிக்குள் 'கொக்கொக்' என்று ஒரு சத்தம்; பிறகு திரை விலகியது; பிறகு நொண்டிக் கோழி தத்தித் தத்தி இறங்கி வந்தது. அதன் பின்னால் தெருப் பெண்கள் கொடுத்த கோழிகளெல்லாம் இறங்கின. அவை உதைத்துத் தள்ளிய வேகத்தில் குடங்களும் உருண்டு வந்தன!

சிங்காரம் ஓடப் பார்த்தான். பெண்கள் விடுவார்களா? அவனுடைய தலைப்பாகையாலேயே அவனைக் கட்டி, அவன் வண்டியிலேயே ஏற்றி, ராஜாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

ராஜா கதை முழுவதையும் கேட்டார். "என் பேரைச் சொல்லியா கோழி வாங்கினாய்?" என்றார்.

"தப்புதான் மகாராஜா."

"உட்கார்ந்த இடத்தில் வேலை என்று ஊரெல்லாம் சொன்னாயே, உனக்கே அதைத் தருகிறேன். ஓராண்டு சிறையில் உட்கார்ந்து, அரண்மனைப் புளி முழுவதற்கும் கொட்டை எடு."

புளி மூட்டை வந்தது, சுத்தியலும் வந்தது. காவலர்கள் அவனை இழுத்துப் போகப் பார்த்தார்கள். வேம்பாயி மட்டும் கைகட்டி அப்படியே நின்றாள்.

"இன்னும் என்னம்மா?"

"மாதிரி காட்டலீங்களே, மகாராஜா."

சபை திகைத்தது. ராஜா வாய்விட்டுச் சிரித்தார். சிம்மாசனத்தைவிட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, ஒரு புளியை எடுத்து, உடைத்து, உரித்து, கொட்டையை எடுத்துக் காட்டி, "இப்படி வேண்டும்" என்றார்.

வேம்பாயி வீடு திரும்பிப் பசுவைக் கறந்தாள், மாமியாரும் பசியாறினாள். அதனால்தான் சொல்கிறேன்: வேலை கொடுப்பவர் நம்மிடம் கேட்க வேண்டியது வேலையைத்தான், கோழியையும் குடத்தையும் அல்ல. புளி உடைந்தது, கொட்டை உதிர்ந்தது, கதை நிறைந்தது. கண்ணை மூடித் தூங்குங்கள்.