மூச்சுப் படும் தூரம்

முன்னொரு காலத்தில், மஞ்சு என்னும் மூடுபனி இறங்கினால் பக்கத்தில் நிற்பவரின் மூக்குகூடத் தெரியாத ஒரு மலைநாட்டை வேழமாறன் என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் புகழ்ச்சி என்று வந்துவிட்டால் பசித்தவன் பாயசத்தைக் கண்ட மாதிரி ஆகிவிடுவான். அந்தப் பாயசத்தைத் தினமும் காய்ச்சி ஊற்றுவதற்கென்றே அவையில் சேந்தன் என்றொருவன் இருந்தான். அரசனின் வேட்டைக்குப் பொறுப்பானவன்.

சேந்தன் அடிவாரத்துக் காட்டைச் சுற்றி மூங்கில் வேலி போட்டு, உள்ளே காட்டெருதுகளை அடைத்து வைத்திருந்தான். காலையில் பறை அடிப்பார்கள். அரசன் வில்லோடு தரையில் நிற்பான். மஞ்சுக்குள்ளிருந்து கன்னங்கரேலென்று ஓர் எருது, கனவில் வருவது போல, அவனை நோக்கி ஓடி வரும். அதன் மூச்சு மேலே படும் தூரத்தில் அரசன் அம்பு விடுவான். எருது சாயும். "எமனையே எதிரில் நின்று அடித்தீர்கள், மகாராஜா!" என்பான் சேந்தன். அரண்மனைச் சுவர்களில் கொம்பு மாட்ட இடமில்லாமல் போயிற்று.

அமைச்சர் பூதனார் இதையெல்லாம் ஒரு பாறைமேல் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்கு எப்போதும் அரைக்கண் மூடியே இருக்கும். மனுஷர் தூங்குகிறார் என்று சபையே கேலி பேசும். பாதி உண்மை. மீதிக் கண்ணால் பார்த்த ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. முட்ட வருகிற மாடு நாக்கை நீட்டிக்கொண்டா வரும்? அவர் வீட்டுப் பசு, தவிட்டு வாளிச் சத்தம் கேட்டால் அப்படித்தான் வரும்.

ஆனால் வாயைத் திறக்க முடியுமா? "வேலிக்குள் அடிப்பதெல்லாம் ஒரு வேட்டையா?" என்று முனகிய சேனைத்தலைவர் இப்போது எல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பக்கத்து நாட்டு அரசன் வேட்டைக்கு அழைத்து ஆள் அனுப்பினான். அங்கே வேலி கிடையாது. கண்ணுக்கு எட்டியவரை காடு.

"அங்கேயும் தரையில்தான் நிற்பேன். எருதின் மூச்சு என்மேல் படும்வரை வில்லை வளைக்க மாட்டேன். இது சபதம்!" என்றான் வேழமாறன்.

சேந்தன் கை தட்டினான். அரசனும் பூதனாரும் ஒரே குளத்தில் நீச்சல் பழகிய சிநேகிதர்கள். காட்டிலேயே வளர்ந்த எருதுக்கு முன்னால் இவன் இப்படி நின்றால் பாடையில்தான் திரும்புவான். அவர் எழுந்தார். ஒரு கொட்டாவி விட்டார்.

"மகாராஜா, நீங்கள் புறப்படும் முன் நானும் ஓர் எருதைப் பணிய வைக்க ஆசைப்படுகிறேன். வில் வேண்டாம், வேல் வேண்டாம்."

"என்ன அமைச்சரே, தூக்கத்தில் பேசுகிறீரா?"

"விழித்துக்கொண்டுதான் பேசுகிறேன். அது என் முன்னால் தலை தாழ்த்தாவிட்டால் பதவியை விட்டுவிடுகிறேன். தாழ்த்தினால் நான் கேட்டதைத் தர வேண்டும்."

"உயிரே போய்விடுமே ஐயா! அப்புறம் பதவியை எங்கே விடுவது?" என்று அரசன் சிரித்தான். "சரி, நாளைக் காலை பார்த்துவிடுவோம்."

சேந்தனின் முகம் வெளிறிப்போயிற்று. "வேண்டாம் மகாராஜா! அமைச்சர் பெருமானுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாடு தாங்காது!"

"இவ்வளவு பாசத்தை இத்தனை நாளும் எங்கே ஒளித்து வைத்திருந்தீர், சேந்தரே?" என்றார் பூதனார்.

மறுநாள் காலை மஞ்சு தரை வரைக்கும் இறங்கியிருந்தது. பறைச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. பூதனார் ஒரு கையை மூடிக்கொண்டு தனியாக நின்றார். அவரிடம் இருந்தது வெறும் ஊகம்தானே! ஊகம் தப்பினால் அவரும் போவார், அடுத்து அரசனும் போவான்.

தரை அதிர்ந்தது. வெண்மைக்குள் ஒரு கருமை பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் கண்ணை மூடவில்லை. எருது அவர் முன்னால் நின்றது. அதன் மூச்சு சூடாக முகத்தில் பட்டது. அவர் கையை விரித்தார். உள்ளே ஒரு கட்டி உப்பு. அவ்வளவு பெரிய தலை மெல்லத் தாழ்ந்து, சொரசொரப்பான நாக்கு அவர் உள்ளங்கையை நக்க ஆரம்பித்தது.

அரசன் வில்லைக் கீழே போட்டுவிட்டு அருகில் வந்தான்.

"உப்பா?"

"உப்புதான், மகாராஜா. பறை கேட்டால் உப்பு கிடைக்கும் என்று பழக்கியிருக்கிறார்கள்."

"அப்படியானால் என்னைக் கொல்ல வந்தது என்று நான் கொன்றதெல்லாம்..."

உப்பு தீர்ந்ததும் எருது திரும்பி, மோதிரம் போட்ட அரசனின் கையை மோந்து பார்த்து நக்கியது. வேழமாறன் அழுதுவிட்டான். யாரும் பார்க்காதபடி மஞ்சு மறைத்துக்கொண்டது.

அன்றே வேலி பிரிக்கப்பட்டது. சேந்தனுக்கும் ஒரு வேலை கிடைத்தது. அந்த எருதுகளுக்கு மனிதர்மேல் உள்ள நம்பிக்கை விட்டுப்போகும்வரை, தினமும் உப்பில்லாமல் அவனே பறை அடிக்க வேண்டும். உப்பு கிடைக்காத எருதுகள் அவன் வேர்வையை நக்கத் துரத்துவதும், அவன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதும் ஊருக்கே வேடிக்கையாயிற்று.

"கேளும் அமைச்சரே, என்ன வேண்டும்?" என்றான் அரசன், தன் முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டபடி.

"உங்கள் சபதத்தைக் கொடுத்துவிடுங்கள். அது போதும்."

கொடுத்தான். சபதம் இல்லாமலே பக்கத்து நாட்டு வேட்டைக்குப் போனான். திரும்பியபோது வண்டியில் ஒரு கொம்புகூட இல்லை. மகுடத்தில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. என்ன நடந்தது என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. பூதனார்தான் கேட்டார்.

"மஞ்சுக்குள்ளே ஓர் எருது நின்றது, பூதா," என்றான் வேழமாறன், இன்னும் அங்கேயே இருப்பவன் போல. "என்னைப் பார்த்தது. நான் வில்லையும் மகுடத்தையும் போட்டுவிட்டு மரத்தில் ஏறிவிட்டேன். அது என் மகுடத்தை மிதித்துக்கொண்டு அதன்பாட்டுக்குப் போய்விட்டது."

எத்தனை எருதைச் சாய்த்தபோதும் அவன் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தைப் பூதனார் பார்த்ததில்லை.