வரிசையில் நின்ற குகை

ஒரு காட்டில், பிள்ளைகளே, மழைக்காலம் வந்தால் எட்டு ஓடைகள் சலசலவென்று ஓடும். கோடை வந்தால் எட்டும் வற்றிப்போய், மலையடிவாரத்து ஊற்று ஒன்று மட்டும் மிஞ்சும். ராத்திரி முழுக்க ஊறி, காலையில் அது ததும்பி நிற்கும். காட்டிலிருந்த அத்தனை மிருகங்களும் அந்தத் தண்ணீரை வைத்துத்தான் கோடையைத் தாண்ட வேண்டும்.

அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. குடிக்க வருகிறவர் தன் காலில் நடந்து வந்து, வரிசையில் நின்று, எல்லார் கண்ணெதிரேயும் குடிக்க வேண்டும். வரிசையின் முதல் ஆள் யானைத் தலைவர் கொம்பனார். ரொம்ப நல்லவர், யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவார். கடைசி ஆள் கெட்டியம்மா என்கிற உடும்பு.

கெட்டியம்மாவுக்கு ஒரே ஒரு குணம்தான். பிடித்தால் விடமாட்டாள். பாறையைப் பிடித்தாலும் சரி, ஒரு கேள்வியைப் பிடித்தாலும் சரி. கடைசியாகக் குடிக்கிறவள் என்பதால் இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது. குடித்து முடித்ததும் வாலை ஊற்றுக்குள் விட்டு, எத்தனை வளையம் நனைகிறது என்று பார்ப்பாள். வாலில் வரிவரியாய் வளையங்கள் இருந்ததால் அது சுலபம். ஏழு வளையம் நனைந்தால் நிம்மதியாகத் தூங்கப் போவாள்.

ஒரு வருஷம், கோடை தொடங்குகிற நேரத்தில், மணவாளர் என்கிற புனுகுப்பூனை அந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர் வந்து நின்றாலே கமகமவென்று வாசனை. வாயைத் திறந்தால் அதைவிட வாசனை.

அவர் காட்டுச் சபையைக் கூட்டச் சொன்னார். "தலைவரே, உங்க காட்டுல எல்லாம் இருக்கு. ஒரே ஒரு குறைதான். போன வருஷம் எந்த மரத்துல முதல் பலா பழுத்துச்சு? யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

கரடி தலையைச் சொறிந்தது. குரங்குகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

"பாத்தீங்களா! நான் ஒரு ஞாபகக் குகை அமைக்கிறேன். உள்ளே பத்தாயிரம் கிளி. காட்டுல யார் எதைச் சொன்னாலும் சொல்லிச் சொல்லி மனப்பாடமா வச்சிருக்கும். நீங்க வாசல்ல நின்னு கேட்டாப் போதும், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள பதில் வந்துரும். அதோட, உங்க வீட்டுக் குட்டிங்க ஐந்நூறு பேருக்கு அங்கே வேலை!"

சபை ஆரவாரித்தது. கெட்டியம்மா மட்டும் கழுத்தை நீட்டினாள்.

"ஐயா, பத்தாயிரம் கிளி ஓயாம பேசினா தொண்டை காயுமே. தண்ணி எவ்வளவு வேணும்?"

"கிளிதானே அம்மா! ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு."

"ஒரு நாளைக்கு எத்தனை சொட்டு?"

"அது தொழில் ரகசியம்" என்று மணவாளர் இனிக்க இனிக்கச் சிரித்தார்.

"ரகசியமாக் குடிக்கிற தண்ணியா? இங்கே அப்படி வழக்கம் இல்லையே."

கொம்பனார் காதை அசைத்தார். "கெட்டியம்மா, நல்ல காரியம் நடக்கும்போது குறுக்கே வாலை நீட்டாதே. மணவாளர் படிச்சவரு மாதிரி பேசுறாரு. நடக்கட்டும்."

அவ்வளவுதான், நடந்துவிட்டது. பெரிய குகை ஒன்றில் பத்தாயிரம் கிளிகள் வந்து அமர்ந்தன. "பாவம், சின்னஞ்சிறு பறவைகள். வெயிலில் வரிசையில் நிற்க வைக்கலாமா?" என்று சொல்லி, ஊற்றிலிருந்து குகைக்கு மண்ணுக்கு அடியில் ஒரு மூங்கில் குழாயும் பதித்துக்கொண்டார் மணவாளர். ஐந்நூறு வேலை என்றாரே, அது கடைசியில் ஒரே வேலையாகச் சுருங்கியது. வாசலில் ஒரு முள்ளம்பன்றியைக் காவலுக்கு வைத்தார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். கிளிகள் கெட்டிக்காரக் கிளிகள்தான். ஒரு நாள் புள்ளிமான் அஞ்சலையின் குட்டி ஏதோ விஷக் காயைத் தின்று வாயில் நுரை தள்ளியது. அஞ்சலை குகைக்கு ஓடினாள். எந்த இலையைக் கசக்கிக் கொடுக்க வேண்டும் என்று கிளிகள் நொடியில் சொல்லின. குட்டி பிழைத்துக்கொண்டது.

ஆனால் எல்லாரும் அஞ்சலை மாதிரி அவசரத்துக்கா போனார்கள்? "நேத்து நான் என்ன சாப்பிட்டேன்?" என்று கேட்க கரடி போனது. "நான் சிங்கமாய் இருந்தால் எப்படி இருப்பேன்?" என்று குரங்குகள் நாளுக்கு நாற்பது தடவை கேட்டு, பதிலைக் கேட்டு மார்தட்டிக்கொண்டன. குகைக்குள் பேச்சு ஓயவே இல்லை. பேசப் பேசத் தொண்டை காய்ந்தது. பத்தாயிரம் உடம்பின் சூடு குகையை அடுப்பாக்கியது. குடிக்கத் தண்ணீர், முங்கத் தண்ணீர், இறகை நனைக்கத் தண்ணீர் என்று குழாய் வழியே இறங்கிக்கொண்டே இருந்தது.

கெட்டியம்மாவின் வாலில் நனைந்த வளையம் ஏழிலிருந்து ஐந்தானது. ஐந்து மூன்றானது. ஒரு சாயங்காலம், அவளுக்கு முன்னால் நின்ற முயல் மருதாயி ஆறு குட்டிகளோடு ஊற்றில் எட்டிப் பார்த்தாள். ஈர மணல்தான் இருந்தது. குட்டிகள் மணலை நக்கின.

 கெட்டியம்மா நேரே கொம்பனாரிடம் போனாள்.

"தலைவரே, ஊத்துல தண்ணி இல்லை."

"என்ன சொல்றே? இன்னைக்குக் காலையிலகூடக் குடிச்சேனே. ததும்பி வழியுது!"

பக்கத்திலேயே மணவாளர் நின்றிருந்தார். "வெயில் காலம் இல்லையா தலைவரே. அதுவும் போக, சில பேர் வருஷத்துக்கு ஆறு, ஏழுன்னு குட்டி போட்டுக்கிட்டே இருந்தா எந்த ஊத்துதான் தாங்கும்?"

மருதாயி தலையைக் குனிந்துகொண்டாள்.  அதைப் பார்த்த கெட்டியம்மாவுக்கு அந்தப் பூனையின் வாலைக் கடித்துத் தொங்க வேண்டும் போல இருந்தது. கடிக்கவில்லை. ஊற்றுக்குத் திரும்பிப் போய், பக்கத்துப் பாறை இடுக்கில் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கொம்பனார் வந்தார், வயிறு முட்டக் குடித்தார், போனார். அவர் முதுகு மரங்களுக்குள் மறைந்ததும், அடுத்த ஆள் வருமுன்னே, மணவாளர் பூனை நடையில் வந்து குழாயின் அடைப்பைப் பிடுங்கினார். குபுகுபுவென்று தண்ணீர் இறங்கியது.

'அடேயப்பா, இதுதானா சங்கதி!' என்று நினைத்தாள் கெட்டியம்மா. 'முதலில் குடிக்கிறவருக்குக் கடைசியில் நடப்பது எப்படித் தெரியும்? காட்டித்தான் கொடுக்க வேண்டும்.'

அன்றைக்கே அவள் சபையைக் கூட்டினாள். உடும்புக்கும் பூனைக்கும் சண்டை நடக்கப்போகிறது என்று குரங்குகள் நல்ல கிளையாகப் பார்த்து உட்கார்ந்தன.

"தலைவரே, நாம ஒரு தப்புப் பண்ணிட்டோம்" என்று ஆரம்பித்தாள் கெட்டியம்மா. "அஞ்சலை குட்டியைக் காப்பாத்துன குகைக்கு நாம ஒரு மரியாதையும் செய்யலை. மண்ணுக்கு அடியில ஒளிஞ்சு குடிக்க அது என்ன திருடனா? அதுவும் நம்ம காட்டுல ஒரு ஆளுதானே? நாளைக்கு ஒரு நாள் குழாயை மூடிருவோம். குகை வரிசைக்கு வரட்டும். அதுவும் முதல் ஆளா, உங்களுக்கும் முன்னால!"

சபை கைதட்டியது. மணவாளரின் மீசை மட்டும் துடித்தது.

"ஐயையோ, தலைவரை நான் காக்க வைக்கிறதா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

கொம்பனார் பெருந்தன்மையாகச் சிரித்தார். "என்ன மணவாளரே! ஒரு சொட்டு, ரெண்டு சொட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க? அது வரைக்கும் என்னால நிக்க முடியாதா?"

"அது... வந்து... அதுங்க முங்கவும் செய்யுமே."

"குகையில என்னென்ன செய்யுமோ அதையெல்லாம் செய்யட்டும். ஒண்ணும் குறைக்க வேண்டாம்" என்றாள் கெட்டியம்மா. மணவாளருக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. சரி என்று சொல்லித் தொலைத்தார்.

விடிந்தது. கிளிகள் கிளம்பின. முதல் கிளி ஊற்றில் அலகை வைத்தபோது கடைசிக் கிளி குகையை விட்டு இன்னும் புறப்படவே இல்லை. வழியெல்லாம் பச்சைப் பசேலென்று வரிசை. குரங்குகள் மரத்துக்கு மரம் தாவி, "நான் சிங்கமாய் இருந்தால்?" என்று வரிசையில் நின்ற கிளிகளை அப்போதும் விடவில்லை. கிளிகள் பதில் சொல்லின, குடித்தன, முங்கின, இறகை உதறின.

கொம்பனார் பொறுமையாக நின்றார். வெயில் ஏறியது. காதை விசிறினார். இன்னும் ஏறியது.

"மணவாளரே, இன்னும் எத்தனை பேரு?"

"இதோ தலைவரே, முடிஞ்சிருச்சு."

உச்சிவெயில் வந்தது. முதலில் குடித்த கிளிக்கு அதற்குள் மறுபடி தொண்டை காய்ந்துபோக, அது பறந்து போய்க் கிளி வரிசையின் கடைசியில் நின்றுகொண்டது. அதன் பின்னால் இரண்டாவது கிளி. அதன் பின்னால் மூன்றாவது. வரிசைக்கு முடிவே இல்லை என்பது அப்போதுதான் கொம்பனாருக்குப் புரிந்தது.

அவருக்கு நாக்கு வறண்டுவிட்டது. வாழ்க்கையில் முதல்தடவை வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்த் தும்பிக்கையை ஊற்றில் விட்டார். 'ஸ்ர்ர்' என்று சத்தம் வந்தது. தும்பிக்கை நிறையச் சேறு.

அவர் மெல்லத் திரும்பினார். பின்னால் மொத்தக் காடும் நாக்கைத் தொங்கப்போட்டு நின்றுகொண்டிருந்தது. கடைசியில், கெட்டியம்மாவுக்கு முன்னால், மருதாயி. அவள் மடியில் ஆறு குட்டிகள், கண் செருகிப்போய்.

"மருதாயி, உனக்கு தினமும் இப்படித்தானா?"

"ஆமாங்க தலைவரே. நீங்க போனப்புறம்தானே நாங்க வருவோம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கொம்பனாருக்கு வெட்கமாகப் போயிற்று. இந்தப் பிள்ளைக்காரியைத்தானே குறை சொல்லக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றோம் என்று கண் கலங்கினார். கெட்டியம்மா அவர் காலருகே வந்து, குழாயின் அடைப்பை யார் எப்போது பிடுங்குகிறார் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"மணவாளரே!" என்று ஒரு பிளிறல் பிளிறினார் பாருங்கள், பத்தாயிரம் கிளிகளும் வாயை மூடிக்கொண்டன.

மணவாளர் லேசுப்பட்டவரா? வாலைச் சிலிர்த்துக்கொண்டு நின்றார். "நான் வேண்டாம்னா சொல்லிருங்க. பக்கத்துக் காட்டுல என்னைக் கெஞ்சிக் கூப்பிடுறாங்க. குகையைத் தூக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் நீங்க எல்லாம் காட்டுமிராண்டிங்கதான்!"

குரங்குகள் பதறின. கெட்டியம்மா பதறவில்லை.

"தாராளமாப் போங்க ஐயா. அந்தக் காட்டு உடும்பு என் தங்கச்சிதான். வரிசை போடச் சொல்லி இப்பவே ஆள் அனுப்புறேன்."

மணவாளரின் வால் தானாகத் தணிந்தது. அப்போது மான் அஞ்சலை முன்னால் வந்தாள். "குகையே வேண்டாம்னு சொல்லிராதே கெட்டியம்மா. என் பிள்ளை உசுரு அதுல இருக்கு."

"நான் எங்கே வேண்டாம்னு சொன்னேன்? இருக்கட்டும். குழாயைத் தோண்டி எடுத்துட்டு, நம்மளை மாதிரி வரிசையில இருக்கட்டும். எனக்குப் பின்னால. நான் குடிச்சு, வாலை விட்டுப் பார்த்தப்புறம் எது மிச்சமோ, அது குகைக்கு. அந்தத் தண்ணிக்கு எத்தனை கிளி தாங்குமோ அத்தனை கிளி. இன்னும் வேணும்னா, மழைக்கு முன்னால மணவாளரே குளம் வெட்டிக்கட்டும்."

"அதுதான் முடிவு" என்றார் கொம்பனார். அத்தோடு நிற்கவில்லை. "நாளையிலிருந்து மருதாயி முன்னால நிக்கட்டும். நான் பின்னால போறேன். அங்கேயிருந்து பாத்தாத்தான் ஊத்து தெரியுது."

குழாய் வெளியே வந்தது. மிச்சத் தண்ணீருக்கு முந்நூறு கிளிகள்தான் தாங்கின. மற்றவை சந்தோஷமாக மரங்களுக்குப் பறந்தன. அவற்றுக்கும் தொண்டை வலி. முந்நூறு கிளிகளுக்கும் குட்டிக்குக் காய்ச்சல், எந்தப் பக்கம் காட்டுத்தீ என்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லவே நேரம் சரியாக இருந்தது. குரங்குகள் கேள்வி கேட்க வந்தால், "உன் பங்குத் தண்ணீரில் ஒரு மிடறு கொண்டுவந்து ஊற்று, பிறகு சிங்கமாகலாம்" என்றது வாசலில் இருந்த முள்ளம்பன்றி. ஒரு குரங்கும் சிங்கமாக விரும்பவில்லை. மருதாயியின் குட்டிகள் வயிறு குளிரக் குடித்துவிட்டு, ஊற்றங்கரையிலேயே உருண்டு விளையாடின.

மணவாளருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒரு நாள் மத்தியானம் யாரும் பார்க்காமல் குகைக்குள் நுழைந்து, தணிந்த குரலில் கேட்டார்:

"கிளிகளே, என் கண்ணுகளே, அந்த உடும்பை ஏமாத்தி வரிசையில முன்னால போக ஒரு வழி சொல்லுங்க."

முந்நூறு கிளிகளும் அவரைப் பார்த்தன. அலகைத் திறந்தன. காற்றுதான் வந்தது. கடைசியில் ஒரு வயதான கிளி கஷ்டப்பட்டு எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னது:

"தொண்டை காயுது ஐயா. நம்ம முறை வர இன்னும் நேரம் இருக்கு. நீங்க போய் வரிசையில இடம் பிடிச்சு வையுங்க."

நீதி: எல்லாருக்கும் பொதுவான தண்ணீரை எடுப்பவர் எல்லார் கண்ணெதிரேயும் எடுக்க வேண்டும், அது போதுமா என்று சொல்ல வேண்டியவர் வரிசையின் கடைசியில் நிற்பவர்.