காரணம் எழுதும் கட்டம்

இது நான் நேரில் பார்த்ததில்லை. அன்று அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த ஒருவர் சொல்லக் கேட்டது. பேச்சில் ஒன்றிரண்டு வார்த்தை மாறியிருக்கலாம். எண்களை மட்டும் மறுபடி கேட்டு எழுதிக்கொண்டேன்.

அந்தச் சமூக வலைத்தளத்துக்கு ஒரே முதலாளி என்று யாரும் கிடையாது. ஆளாளுக்கு ஒரு சர்வர் நடத்துகிறார்கள். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். பிடிக்காவிட்டால் கணக்கை வேறு சர்வருக்கு மாற்றிக்கொள்ளலாம். பின்தொடர்பவர்கள் கூடவே வந்துவிடுவார்கள். எழுதிய பதிவுகள் மட்டும் பழைய இடத்திலேயே கிடக்கும்.

செங்கோடன் 'விட்டில்' என்ற சர்வரை ஆறு வருடமாக நடத்திவந்தார். அந்துப்பூச்சிகளைப் படம் எடுப்பவர்களுக்கான சர்வர் அது.

நடத்தக் கற்றுக்கொடுத்தவர் ரஹ்மத் பானு. செங்கோடனைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனாலும் செங்கோடனுக்கு அவர் டீச்சர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மடிக்கணினியோடு திருச்செங்கோட்டிலிருந்து பஸ் பிடித்து, திண்டுக்கல்லில் டீச்சர் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தார்.

"டீச்சர், அந்தப் பெனிட்டா என் ஆளுங்களை எல்லாம் கூட்டிட்டுப் போறா."

"உள்ள வாங்கண்ணே. முதல்ல உட்காருங்க."

பெனிட்டா மார்த்தாண்டத்துக்காரர். எட்டு மாதம் முன்புவரை விட்டிலில் இருந்தவர். பிறகு 'தும்பி' என்று சொந்தமாக ஒரு சர்வர் தொடங்கினார்.

"எத்தனை பேர் போயிட்டாங்க?"

"நூத்தி எழுபத்திரண்டு. தினமும் காலையில பார்க்கிறேன். நாளைக்குக் காஞ்சனமாலையும் போறாங்க."

காஞ்சனமாலை ஐந்து வருடமாக அவரோடு சேர்ந்து விட்டிலைக் கவனித்துக்கொண்ட துணை நிர்வாகி.

"சொல்லிட்டுத்தானே போறாங்க?"

"சொல்லிட்டுத்தான். 'கோவிச்சுக்காதீங்க சார்'னு ஒரு பூப்படம் வேற."

டீச்சர் சிரித்துவிட்டார். செங்கோடன் சிரிக்கவில்லை.

"அவளுக்கு ஒரு பூச்சி பேரு ஒழுங்காத் தெரியாது டீச்சர். நான் மூணு புத்தகம் புரட்டிப் பேர் சொல்லுவேன். அவ, 'கதர்ச் சட்டைக்காரர் வந்திருக்கார்'னு எழுதுவா. அதுக்கு நாப்பது பேர் கைதட்டுறாங்க."

"நல்லாத்தானே இருக்கு பேரு."

"டீச்சர்!"

மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். ஒரு சர்வரை முழுதாகத் தடை செய்யும் பக்கம். தும்பியின் முகவரி ஏற்கெனவே அடித்து வைக்கப்பட்டிருந்தது.

பொத்தானை அழுத்தினால் இரண்டு சர்வர்களுக்கும் இடையே உள்ள தொடர்பு எல்லாம் அறுந்துவிடும். பிறகு தடையை நீக்கினாலும் அறுந்தது தானாக ஒட்டாது. அவரவர் தேடிப் பிடித்து மறுபடி பின்தொடர வேண்டும். காஞ்சனமாலை மறுநாள் கிளம்பினால், விட்டிலில் அவரைப் பின்தொடரும் முந்நூறு பேரில் ஒருவர்கூட அங்கே அவரைப் பின்தொடர முடியாது.

"உங்களைக் கேக்காம எந்த சர்வரையும் தடை பண்ண மாட்டேன்னு முதல் நாளே சொல்லியிருக்கேன். அதுக்குத்தான் வந்தேன்."

"அழுத்துங்கண்ணே."

செங்கோடன் நிமிர்ந்து பார்த்தார். பஸ்ஸில் மூன்று மணி நேரம் தயார் செய்துகொண்டு வந்த வாதம் எதற்கும் வேலை இல்லாமல் போயிற்று.

"நிஜமாவா?"

"உங்க சர்வர். காரணத்தை எழுதிட்டு அழுத்துங்க."

பொத்தானுக்கு மேலே ஒரு கட்டம் இருந்தது. ஏன் தடை என்று அதில் எழுத வேண்டும். எழுதியதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். டீச்சரிடம் கற்றவர்கள் எல்லாருக்கும் அது வழக்கம். காரணம் எழுதாத தடை அவர்கள் சர்வர்களில் கிடையாது.

செங்கோடன் 'விளம்பரத் தொல்லை' என்று அடித்தார்.

"அந்தப் பொண்ணு என்ன விக்குது?"

அழித்தார். 'வசை' என்று அடித்தார்.

"யாரைத் திட்டுச்சு?"

அழித்தார். 'தவறான தகவல்' என்று அடித்துவிட்டு, இந்த முறை அவரே முந்திக்கொண்டார்.

"போன வாரம் ஒரு பூச்சி. உணர்கொம்பு சீப்பு மாதிரி இருக்கு. பார்த்தாலே ஆண். அவ பெண்ணுன்னு எழுதியிருந்தா."

"தும்பியை நானும் பார்ப்பேன். என் கண்ணுல படலையே."

"அது வெளியில தெரியாது டீச்சர். தும்பியில கணக்கு இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் காட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

துணி மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"வேற பேர்ல ஒண்ணு வச்சிருக்கேன்" என்றார் செங்கோடன்.

"என்ன பேரு?"

"மல்லிகா."

துணி மடித்தவர் எழுந்து சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாராம்.

"எப்பப் போனீங்க?"

"தும்பி தொடங்கின அன்னிக்கே. சும்மா, என்னதான் பண்றான்னு பார்க்கலாம்னு."

"எத்தனாவது ஆளு?"



"மூணாவது."

"அப்ப மத்தவங்க எல்லாம் உங்களுக்குப் பின்னாலதான் போயிருக்காங்க."

வெளியே ஒரு ஆட்டோ நின்று, ஆள் இறங்கி, மறுபடி கிளம்பிப் போயிற்று.

"பெனிட்டா மல்லிகாகிட்ட பேசுச்சா?"

"முதல் நாளே வாங்கன்னாங்க. நான் போட்ட படத்துக்குக் கீழயும் எழுதினாங்க."

"படம் வேற போட்டீங்களா?"

"சந்தேகம் வரக் கூடாதுல்ல."

"என்ன எழுதுச்சு?"

"'இதுக்குப் பேரு எனக்குத் தெரியலக்கா. விட்டில்ல செங்கோடன் சார்னு ஒருத்தர் இருக்கார். அவரைக் கேளுங்க, சரியாச் சொல்லுவார்'னு."

"ம்."

"அதுக்கும் நாப்பது கைதட்டல், டீச்சர்."

டீச்சர் விரலை நீட்டித் திரையைக் காட்டினார்.

"கட்டம் காலியா இருக்குண்ணே."

செங்கோடன் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் குக்கர் இரண்டு விசில் விட்டது. பிறகு ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக அடித்தார்.

'எனக்குப் பொறுக்கல.'

டீச்சர் குனிந்து படித்தார்.

"இது சரியான காரணம். இப்ப அழுத்துங்க."

எனக்குச் சொன்னவர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். சோறு இறக்கப் போய்விட்டாராம். திரும்பி வந்தபோது மடிக்கணினி மூடியிருந்தது என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

அதனால் நானே விட்டிலுக்குப் போய்ப் பார்த்தேன். தடை செய்யப்பட்ட சர்வர்களின் பட்டியலில் தும்பி இல்லை. விட்டிலைவிட்டுப் போகிறவர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று படங்களோடு ஒரு பக்கம் இருக்கிறது. எழுதியவர் செங்கோடன். தேதி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள். பின்தொடர்பவர்கள் யாராவது வந்து சேராவிட்டால் தனக்கு எழுதும்படியும், தானே கவனித்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். எந்தெந்த சர்வருக்குப் போகலாம் என்று கீழே பதினோரு பெயர்கள் கொடுத்திருக்கிறார்.

அதிலும் தும்பி இல்லை.